ஒரு பிரதி வேறு ஊரில்

குகட்பள்ளி, ஹைதராபாத்
8 செப்டம்பர் 2024, மாதா பிறந்தநாள்

என் ஷெர்லி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இதைச் சொல்லித் தொடங்கினால்தான் உங்கள் மதர் கடிதத்தை உன் கையில் கொடுப்பார் என்று பயந்து முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? வெளியே வரவே கூடாத அந்த அடைப்பு மடத்தில் விக்ஸ் தடவிக்கொள்ளவாவது அனுமதி உண்டா? மடத்தில் வைத்த புதுப் பெயரைக் கவரின் மேல் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்குப் பழைய ஷெர்லிதான். இங்கே நான், சிலாஸ், மாமியார், ஐவி நான்கு பேரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி. ஐவி ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

உலகத்தைத் துறந்தவளிடம் கேட்கக்கூடாத சந்தேகம் ஒன்று. என் போன் நிரம்பி வழிகிறது. இடம் இல்லை, இடம் வாங்கு என்று காலையில் எழுந்ததும் கத்துகிறது. படங்கள் அடைத்துக்கொண்டதால் மெயில்கூட வராதாம். ஐவியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று அனுப்பிய மெயில் வரவில்லை. நான் போகவில்லை. "அம்மா, நுவ்வு மர்ச்சிபோயாவ்" என்று அழுதாள். நாம் தமிழில் எவ்வளவு கொஞ்சினாலும் அவளுக்குக் கோபம் தெலுங்கில்தான் வருகிறது. நீ மறந்துவிட்டாய் என்கிறாள். மெயிலே வரவில்லையடி என்றால் கேட்கிறாளா? அத்தையும் "ஹவ், உங்க அம்மாக்கு எல்லாம் மறக்கும்" என்று பேத்திக்கு ஒத்து ஊதினார்.

கிளவுடில் இடம் வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஒரு கம்பெனி மாதாமாதம் என்கிறது, ஒன்று வருடத்துக்கு என்கிறது, இன்னொன்று போனோடு வருகிறது. வீட்டுக்காரரே சாஃப்ட்வேர்காரர்தானே என்பாய். கேட்டால் "வேண்டாததை அழி, எதுக்கு வாங்கற" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடுகிறது. நீ மடத்துக்குப் போகும் முன் மாதாப்பூரில் ஏழு வருடம் ஊரார் தகவலைப் பத்திரப்படுத்தும் வேலைதானே பார்த்தாய்? எதை வாங்கலாம் சொல். ஜெபத்துக்கு நடுவில் யோசித்தாலும் பரவாயில்லை, கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் தங்கை,
ஜெமிமா


மலையடிவார மடம்
29 செப்டம்பர் 2024

ஜெமி,

மரியாயின் நிழலில் நீங்கள் நால்வரும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். தலைவலி இருக்கிறது, விக்ஸும் இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறுதான் எங்களுக்குக் கடித நாள். அதனால்தான் தாமதம்.

உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமோ என்று தெரியவில்லை. ஆறு வருடமாக முருங்கைக்காயையும் நற்கருணை அப்பத்தையும் தவிர வேறெதையும் பற்றி யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. மதர் படித்துவிட்டு, "கிளவுட்னா என்னம்மா, மழை மேகமா?" என்றார். யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர், அது வேறு ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான் மதர் என்றேன். ஏமாந்துபோனார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதையும் மூன்று பிரதி வை. இரண்டு விதமான இடத்தில் வை. ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். வீடு எரிந்தாலும் வேறு ஊரில் இருப்பது எரியாது. உன்னிடம் இப்போது எத்தனை பிரதி? ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன் நீ சில பதில் சொல்ல வேண்டும். படங்கள் எத்தனை? எதைப் பற்றியவை? போன் யாருடையது, அதில் இருக்கும் கணக்கு யார் பெயரில், பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். ஐவிக்கு என் முத்தம். அத்தைக்கு முட்டிக்காக ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஷெர்லி


குகட்பள்ளி
13 அக்டோபர் 2024

அக்கா,

தோத்திரம். உன் கடிதத்தை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுக்கும்போது ஏதோ கோர்ட் நோட்டீஸ் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். இந்த ஹவுசிங் போர்டு காலனியில் இப்போது கடிதம் வருவது எனக்கு மட்டும்தான். எல்லோரும் சுகம். தசரா விடுமுறை என்பதால் ஐவி நாள் முழுக்க என் தலைமேல் இருக்கிறாள்.

கேள்விகளுக்குப் பதில். போன் சிலாஸினுடைய பழைய போன். அவர் புதிது வாங்கியதும் எனக்குக் கொடுத்தார். கணக்கும் அதில் இருந்ததுதான். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கேட்டால் போட்டுத் தருவார். படங்கள் பதினெட்டாயிரம் சொச்சம். மூச்சு வாங்காதே. ஐவி இருக்கிறாள், கிறிஸ்துமஸ் இருக்கிறது, மெட்டுகுடாவில் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்தது இருக்கிறது. மீதி எல்லாம் வீடுதான். அடுப்பு, பூட்டு, கீசர் ஸ்விட்ச், அந்த மாதிரி.

சிலாஸ் சொன்ன மாதிரி களை எடுக்க உட்கார்ந்தேன். எதையும் அழிக்க மனம் வரவில்லை. அதனால் எது மலிவோ அதைச் சொல்லிவிடு, போதும். கொஞ்ச நாளாக எனக்கு மறதி அதிகம், நீண்ட விளக்கமெல்லாம் எழுதினால் தலையில் நிற்காது.

ஜெமி


மலையடிவார மடம்
27 அக்டோபர் 2024

ஜெமிக்கு,

சமாதானம் உண்டாகட்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

கம்பெனிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் விட்டு வந்து ஆறு வருடம் ஆனதால் விலை எல்லாம் மாறியிருக்கும். பெரிய கம்பெனி எதுவானாலும் உன் படத்தைத் தொலைக்காது. உன் பெயரில் ஒரு கணக்கு, உனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு, இரண்டும் இருந்தால் எது வாங்கினாலும் சரி. அடுத்தவர் கணக்கில் படம் வைப்பது, அடுத்த வீட்டு பீரோவில் நம் புடவையை வைப்பது போலத்தான். நாள் கிழமையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது நான் கேட்பதற்கு வா. நீ மெட்டுகுடா ரயில்வே பள்ளியில் பதினாறாம் வாய்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொன்னவள். என் ஹால்டிக்கெட் நம்பர் எனக்கு மறந்தபோது உனக்கு ஞாபகம் இருந்தது. உனக்கு என்ன மறதி? அடுப்பை எதற்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறாய்? அடுப்பு அவ்வளவு அழகா?

டிசம்பர் முதல் தேதியிலிருந்து திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை கடிதம் வராது, போகாது. அதற்கு முன் எழுது.

உன் அக்கா


குகட்பள்ளி
25 நவம்பர் 2024

அக்கா,

தாமதத்துக்கு மன்னி. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது திருவருகைக் காலத்துக்கு முன் உன் கைக்கு வருமோ என்னவோ. வராவிட்டாலும் நல்லதுதான், கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்துப் படி. உடம்பு சுகம்.

போன வருடம் ஒரு நாள் எல்லோரும் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினால் வீடெல்லாம் காஸ் நாற்றம். அடுப்பின் ஒரு திருகு திறந்திருந்தது. நான்தான் மூடாமல் வந்துவிட்டேன் என்றார்கள். எனக்கு மூடியது நன்றாக ஞாபகம். சிலாஸ்தான் வழி சொன்னார். "இனிமே வெளிய கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்துடு, சண்டையே வராது." நல்ல யோசனைதானே? அன்றிலிருந்து அடுப்பு, கீசர், வாசல் பூட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.

ஆனால் தகராறு வரும்போது படம் இருப்பதில்லை அக்கா. போன ஞாயிறு பூசைக்குப் போய் வந்தோம். மறுபடி திருகு திறந்திருந்தது. நான் படம் எடுத்தேனே என்று போனைத் திறந்தேன். இல்லை. அடுப்பும் இல்லை, பூட்டும் இல்லை. ஐவியைக் கோயில் வாசலில் எடுத்த படம் மட்டும் இருக்கிறது. எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, விரலில் ஞாபகம் இருக்கிறது, ஆனால் படம் இல்லை. இது நாலாவது தடவை. மூடியதும் கனவு, எடுத்ததும் கனவு என்றால் நான் வேறு என்னென்ன செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ?

சிலாஸ் திட்டவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தூக்கம் தூக்கமாக வருகிறது. வீட்டுச் சாவி இப்போது அத்தையிடம். ஐவியைப் பள்ளி பஸ் ஏற்றுவதும் அத்தைதான். "நக்கோ ஜெமிமா, வேண்டாம், நீ ரெஸ்ட் எடு" என்கிறார். எல்லோரும் நல்லவிதமாகத்தான் நடத்துகிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஜெமி


மலையடிவார மடம்
26 டிசம்பர் 2024

என் கண்ணே ஜெமி,

பாலன் பிறந்த சந்தோஷம் உன் வீட்டுக்கும் வரட்டும். உன் கடிதம் டிசம்பர் இரண்டாம் தேதியே வந்து மதரின் மேசையில் இருந்திருக்கிறது. நேற்றுப் பூசை முடிந்துதான் என் கைக்கு வந்தது. கேக்கைத் தொடவில்லை. இன்று கடித நாள் இல்லை என்றாலும் மதர் அனுமதித்தார்.

பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொண்டேன். உன்னைப் பற்றி நினைத்தால் ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறேன்.

ஒரு சோதனை செய். தினமும் அடுப்பையும் பூட்டையும் வழக்கம்போல் எடு. எடுத்ததும் காலண்டர் தாளில் அன்றைய தேதியின் மேல் ஒரு புள்ளி வை. யாரிடமும் சொல்லாதே. காலையும் மாலையும் போனில் படம் இருக்கிறதா பார். புள்ளி இருந்து படம் இல்லாவிட்டால், மறந்தது நீ இல்லை. பத்திருபது நாள் பார்த்துவிட்டு எழுது. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

இரண்டாவது, அந்தக் கணக்கு வேறு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று செட்டிங்க்ஸில் பார்க்கலாம். பார்த்து எழுது.

ஷெர்லி


குகட்பள்ளி
9 பிப்ரவரி 2025

அக்கா,

வணக்கமும் தோத்திரமும். ஜனவரி முழுக்க எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். உனக்கு உடம்பு எப்படி? இங்கே குளிர் போய்விட்டது.

புள்ளி வைத்தேன். வைத்தவரை சொல்கிறேன். வார நாட்களில் படம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் இருக்கிறது. ஞாயிறு மாலை பார்த்தால் அன்றைக்கு எடுத்த அடுப்பும் பூட்டும் காணோம். ஐவி படம் ஒன்றுகூடப் போகவில்லை. கோயில், பூ, பிறந்தநாள் எதுவும் போகவில்லை. பேயாக இருந்தால் அடுப்பில் மட்டும் அக்கறையுள்ள பேய். கருவிகளில் என் போன் ஒன்று, சிலாஸின் போன் ஒன்று, அவருடைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அது இருக்கத்தானே செய்யும், அவர் கணக்குதானே.

புள்ளியை நானே தப்பாக வைத்திருக்கலாம். அப்படியும் தோன்றுகிறது.

பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்குப் போய் வந்தோம். மறுபடி திருகு திறந்திருந்தது. இந்த முறை அடுப்பு எரிந்துகொண்டே இருந்ததால் பால் பாத்திரம் கருகி, திரைச்சீலையில் தீ பிடிக்க இருந்தது. நான் படம் எடுத்தேன் என்று சொன்னேன். போனில் இல்லை. ஐவி எல்லோர் முன்னாலும், "அம்மா, நாகு பயம்" என்றாள். என் பிள்ளைக்கு என்னைக் கண்டு பயம்.

ஜூன் மாதம் ஐவியை ஊட்டியில் போர்டிங்கில் சேர்க்கப்போகிறார்கள். என்னோடு வீட்டில் இருந்தால் பத்திரம் இல்லையாம். என் மறதியைப் பற்றி டாக்டரும் ஒரு தாள் கொடுப்பாராம். நான் என்ன சொல்வது? அவர்கள் சொல்வது சரி என்றால் அவள் போவதுதான் நல்லது. சரி இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

ஆமாம், கிளவுட் பிரச்சினை தீர்ந்துவிட்டது. சிலாஸ் பெரிதாக ஒரு ஃபேமிலி பிளான் வாங்குகிறார். நீ இனிமேல் கஷ்டப்பட வேண்டாம்.

ஜெமி


மலையடிவார மடம்
23 பிப்ரவரி 2025

ஜெமி,

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும், நானும் இருக்கிறேன். நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. இதை மெதுவாக இரண்டு முறை படி.

நீங்கள் இருவரும் வைத்திருப்பது இரண்டு பிரதி இல்லை. ஒரே பிரதிதான், அதை இரண்டு போனில் பார்க்கிறீர்கள். ஒரே குழாய்க்கு இரண்டு வீட்டில் திருகு வைத்த மாதிரி. அவர் போனில் ஒரு படத்தை அழித்தால் உன் போனிலும் அது அழியும். நீ மறக்கவில்லை. நீ எடுத்திருக்கிறாய். யாரோ அழித்திருக்கிறார்கள். பேய்க்கு வார விடுமுறை கிடையாது, ஜெமி. சாஃப்ட்வேர்காரர்களுக்கு உண்டு.

அழித்த படம் உடனே போகாது. குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்கும். என் காலத்தில் இரண்டு மாதம் அதில் கிடக்கும். மெழுகுவர்த்தித் திருநாள் படம் அதில் இன்னும் இருக்க வேண்டும். படங்கள் இருக்கும் இடத்திலேயே, மூலையில் தேடு. திரும்ப எடுக்கும் பட்டனை அழுத்தாதே, அழுத்தினால் அவருக்கும் தெரியும். வேறொரு போனால் திரையைப் படமெடு. காகிதத்தில் அச்சுப் போடு. எனக்கு அனுப்பு.

மார்ச் ஐந்து திருநீற்றுப் புதன். அதன்பின் ஈஸ்டர் வரை தபால் கிடையாது. மதரிடம் பேசிவிட்டேன். உன் கவர் வந்தால் அவரே பிரித்துப் பார்ப்பார், அவசரம் என்றால் தவக்காலமானாலும் என்னிடம் கொடுப்பார். அதனால் அனுப்பிக்கொண்டே இரு.

எந்தக் கம்பெனி என்று கேட்டாயே. இந்த மடம்தான். பூட்டு பலமானது, உன் வீட்டில் யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது.

உன் ஷெர்லி


குகட்பள்ளியிலிருந்து வந்த ஐந்து கவர்களில் இருந்த ஆறு படங்களின் பின்பக்கங்கள்

(அடுப்பு, நான்கு திருகும் மூடியபடி)
மார்ச் 9. குப்பைத் தொட்டியைத் திறந்தேன் அக்கா. இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. நான் எடுத்த ஒவ்வொன்றும் வரிசையாக அதில் கிடக்கிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில். எதிர் ஃப்ளாட் ரோகிணியின் போனில் எடுத்தேன். கோயம்புத்தூர்ப் பெண், வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள். அச்சுப் போடுவதும் தபாலில் போடுவதும் அவள்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

(வாசல் பூட்டு, மெழுகுவர்த்தித் திருநாள்)
மார்ச் 11. இப்போது முழுக்க ஞாபகம் வருகிறது. நான் அடுப்பை எடுத்தேன், பூட்டினேன், பூட்டை எடுத்தேன், சாவியை அத்தையிடம் கொடுத்தேன். படியில் பாதி இறங்கியதும் அத்தை மெழுகுவர்த்தியை மேலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று சாவியோடு மேலே போனார். வர நேரமாயிற்று. கடைசியாக வெளியே வந்தது நான் இல்லை. போவன்பள்ளி நாளிலும் பையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனது அவர்தான்.

(கீசர் ஸ்விட்ச்)
மார்ச் 17. இன்று அத்தை ஐவியைப் பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு அவள் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பஸ் போய்விட்டது. ஐவி எங்கே என்றேன். "எந்த ஐவி?" என்று கேட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வாட்ச்மேன் பிடித்து வைத்திருந்தார். மெயின் ரோட்டில் லாரி போகிற இடம் அக்கா.

(அடுப்பு)
மார்ச் 18. சிலாஸிடம் கேட்டுவிட்டேன். "ஸ்பேஸ் இல்ல, அழிச்சேன். அடுப்பு போட்டோவை யார் வச்சுப்பாங்க?" என்றார். டாக்டர் முன்னால் நான் அழுதபோது சொல்லியிருக்கலாமே என்றேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். "அம்மாவுக்குத்தான் மறதின்னு சொன்னா அவங்க உடைஞ்சுடுவாங்க ஜெமி. நீ சின்னவ. நீ தாங்கிப்ப." அவருக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும். அழுதார். எனக்கு அவர் அழுததைப் பார்த்து இரக்கம்கூட வரவில்லை.

(அடுப்பு, பக்கத்தில் பால் பாத்திரம்)
மார்ச் 25. ஐவியை இப்போது அவரே கொண்டுபோய் விடுகிறார். போகும்போது எங்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிறார். அத்தை வெளியே போய்விடாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலனியில் எல்லோருக்கும் சொன்னது வேறு. ஜெமிமாவுக்கு உடம்பு சரியில்லை, காஸைத் திறந்துவிடுவாள், அதனால் பூட்டு. ரோகிணிகூடச் சமையலறை ஜன்னல் கம்பி வழியாகக் கவரை வாங்கிக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தானுங்க அக்கா" என்றாள். நான் சத்தம் போட்டால், பாவம் இன்றைக்கு மாத்திரை சாப்பிடவில்லை போலிருக்கிறது என்பார்கள். ஊட்டிப் பள்ளிக்கு இடம் உறுதியாகிவிட்டது. அதை மட்டும் அவர் மாற்றவில்லை. பாட்டியோடு விட முடியாது என்று தெரியும், அதையும் என் பெயரிலேயே எழுதிவிட்டார்.

(வாசல் கதவு)
ஏப்ரல் 4. மற்றப் படங்களில் பூட்டு தெரியும். இதில் தெரியாது, வெறும் கதவுதான். இது ரோகிணியின் போனை ஜன்னல் வழியாக வாங்கி உள்ளேயிருந்து எடுத்தது. அவசரம் என்றால் மதர் உன்னிடம் கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். கொடுத்திருந்தால் நீ பதில் போட்டிருப்பாய். அப்படியென்றால் இது அவசரம் இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அக்கா. திரும்பவும் என்னை நம்பாமல் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இனிமேல் படம் எடுக்க ஒன்றும் இல்லை.


ரயிலில், செகந்திராபாத்துக்குச் சற்று முன்
22 ஏப்ரல் 2025

ஜெமி,

கிறிஸ்து உயிர்த்தார். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கடிதத்தில் கேட்கப்போவதில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் மதர் என்னிடம் ஐந்து கவரைக் கொடுத்தார். "உன் தங்கச்சி புது அடுப்பு வாங்கிருக்கா போல, விதவிதமா எடுத்து அனுப்பிருக்கா. அவசரம் ஒண்ணும் இல்லன்னு வச்சிருந்தேன்" என்றார். அவர் சொன்னபடி ஒவ்வொரு கவரையும் பிரித்துத்தான் பார்த்திருக்கிறார். கடிதத்தைத் தேடியிருக்கிறார், கடிதம் இல்லை. படங்களின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுக்கி வைத்துவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. படத்தின் பின்னால் எழுதுவார்கள் என்று தோன்றவில்லை. கடிதமாக எழுதச் சொல்லாத தப்பு என்னுடையது.

நான் சாப்பாட்டு அறையிலேயே திருப்பித் திருப்பிப் படித்தேன். கடைசிக் கதவுப் படத்தைப் படித்ததும் அதை மதரிடம் நீட்டினேன். அவரும் படித்தார். அப்புறம் மீதி எல்லாவற்றையும் திருப்பிப் படித்தார். "எத்தனை வாரம் என் மேசைல கிடந்தது" என்றார். பிஷப் இல்லத்துக்குப் போன் போட்டு எனக்கு வெளியே போக அனுமதி வாங்கினார். ரயில் டிக்கெட்டை அவரே ஆளனுப்பி எடுத்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அடைப்பைத் தாண்டி வந்தேன். வெளியே வெயில் கண்ணைக் கூசியது. ரயிலில் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்த்த குழந்தை ஒன்று அழுதது.

படங்களுக்கு மூன்று பிரதி போட்டுவிட்டேன். ஒன்று மதரின் இரும்புப் பெட்டியில். ஒன்றை மடத்துக்கு வரும் வக்கீல் வாங்கிக்கொண்டுவிட்டார், ஐவியின் பள்ளி விஷயமாகச் சிலாஸுக்கு அவர் எழுதுவார். மூன்றாவது என் பையில். மடத்தில் இருந்தவரை உனக்கு வேறு ஊரில் இருந்த பிரதி அதுதான். இப்போது அதை உன் ஊருக்கே கொண்டுவருகிறேன். முதலில் அந்த டாக்டரிடம் காட்டுவோம். அத்தையையும் கூட்டிப்போவோம். டாக்டரைப் பார்க்க வேண்டியவர் அவர்தான், அவரை இப்படி ஒளித்து வைத்ததும் பாவம்தான்.

சிலாஸ் வேலைக்குப் போன பிறகு வருவேன். சாவி என்னிடம் இல்லை. அவர் மாலை வரும்வரை உன் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ரோகிணி வந்து கேட்டால் படங்களைத் திருப்பிக் காட்டுவேன். காலனியில் யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஆறு வருடப் பயிற்சி இருக்கிறது, அதில் சிலாஸ் என்னை ஜெயிக்க முடியாது.

இந்தத் தாளைத் தபாலில் போடவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நீ எடுத்தாய், ஜெமி. ஒவ்வொன்றையும் நீதான் எடுத்தாய், ஒவ்வொரு திருகும் மூடித்தான் இருந்தது. படித்து முடித்ததும் உள்ளேயிருந்து தட்டு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

உன் ஷெர்லி